கிறிஸ்துமஸுக்குக் கூடும் குடும்பத்தில் வீட்டு ஸ்தோத்திரக் கூட்டம்: ஏற்பாடு முதல் பந்தி வரை

நெல்லை, தூத்துக்குடி, குமரிப் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பங்களில் சென்னை, பெங்களூரு, துபாய் என்று சிதறிக் கிடப்பவர்கள் ஒரே வீட்டில் சேர்வது டிசம்பர் கடைசி வாரத்தில்தான். அந்த வாரத்தில் ஒரு சாயங்காலம் குடும்பமாக உட்கார்ந்து வருஷத்துக்காக ஸ்தோத்திரம் (கடவுளுக்கு நன்றி) செலுத்துவது பல வீடுகளில் வழக்கம். 20 முதல் 40 பேர் கூடும் வீட்டுக்கு, ஒரு மணி நேரக் கூட்டம் என்ற கணக்கில் இந்த வழிகாட்டி எழுதப்பட்டிருக்கிறது.

புதிதாகப் பொறுப்பெடுப்பவர்கள் பாட்டு, சாப்பாடு, நாற்காலி எல்லாவற்றையும் ஏற்பாடு செய்துவிடுவார்கள். எதற்காக ஸ்தோத்திரம் என்பதை மட்டும் அந்த நேரத்துக்கு விட்டுவிடுவார்கள். அதனால்தான் "ஜீவன், சுகம், பெலன் தந்தீரே" என்ற ஒரே வாசகம் பத்து வாயில் பத்து முறை வந்து கூட்டம் முடிந்துவிடுகிறது. கீழே உள்ள படிகளில் பாதிக்கு மேல் கூட்டத்துக்கு முந்தைய வேலைதான்.

1. நாளை முதலில் குறியுங்கள்

25ஆம் தேதி வேண்டாம். விடியற்காலை ஆராதனைக்கு மூன்று மணிக்கே எழுந்தவர்கள் சாயங்காலம் கண் சொருகி உட்கார்ந்திருப்பார்கள். 24 பலகாரத்துக்கும் ஸ்டார் கட்டுவதற்கும் போய்விடும். 31 ராத்திரி சபையில் ஆண்டிறுதி ஆராதனை இருக்கும், அதோடு போட்டி போடாதீர்கள்.

26 சாயங்காலம் 6:30 மணி பெரும்பாலான வீடுகளுக்குச் சரிவரும். 27ஐயும் யோசிக்கலாம். ஆனால் லீவு கிடைக்காதவர்கள் அன்றைக்கே ரயிலேறிவிடுவார்கள். நவம்பர் மாதமே எல்லோருடைய திரும்பும் டிக்கெட் தேதியையும் கேட்டுவிட்டு நாளைக் குறியுங்கள். நாளைக் குறித்துவிட்டு டிக்கெட்டைக் கேட்டால் ஒரு குடும்பம் நிச்சயம் விடுபடும். விடுபட்டவர்களுக்கு அது வருஷம் முழுக்கப் பேசுவதற்கு ஒரு மனத்தாங்கலாகிவிடும்.

முடியும் நேரத்தையும் சொல்லுங்கள். "6:30க்கு ஆரம்பம், 7:30க்கு முடிவு, 7:45க்குச் சாப்பாடு." முடிவு நேரம் தெரியாத கூட்டத்தில் பிள்ளைகள் வாசற்படியில்தான் உட்காருவார்கள்.

2. நடத்துகிறவர் ஒருவரே

குடும்பத்தில் மூத்தவர்தான் நடத்த வேண்டும் என்று இல்லை. மூத்தவருக்கு ஆரம்ப ஜெபத்தையோ கடைசி ஆசீர்வாதத்தையோ கொடுங்கள். அதுதான் அவருக்குரிய மரியாதை. நடத்துகிறவர் கடிகாரம் பார்க்கத் தெரிந்தவராகவும், பெரியப்பா பேச்சை நீட்டும்போது மரியாதை கெடாமல் அடுத்த பாட்டை ஆரம்பிக்கத் தெரிந்தவராகவும் இருக்க வேண்டும். முப்பது, நாற்பது வயதுக்காரப் பெண்கள் இதை நன்றாகச் செய்வார்கள். வீட்டில் எல்லோரோடும் தினமும் பேசுகிறவர்கள் அவர்கள்தானே.

ஐயரை (சபைப் போதகரை) அழைப்பதானால் டிசம்பர் முதல் வாரத்திலேயே கேளுங்கள். பண்டிகை வாரத்தில் அவருக்கு ஊர் ஊராக ஆராதனை, திருமணம், ஞானஸ்நானம் என்று வரிசையாக இருக்கும். வந்தால் அவருக்கான நேரம் பத்து நிமிடம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுவது மரியாதைக் குறைவல்ல, அவருக்கும் அது உதவிதான். ஐயர் இல்லாமல் நடத்தினாலும் குறைவொன்றும் இல்லை. இது பிரசங்கக் கூட்டமல்ல.

3. ஸ்தோத்திரக் காரியங்களை டிசம்பர் முதல் வாரத்திலிருந்தே சேர்த்து வையுங்கள்

முழு ஏற்பாட்டிலும் முக்கியமான படி இது. ஒரு 100 பக்க நோட்டு வாங்குங்கள். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் கேட்காமல் ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனியாகப் போன் செய்து கேளுங்கள். குழுவில் கேட்டால் முதலில் பதில் போடுகிறவர் வீடு வாங்கியதைப் போடுவார். வேலை இழந்தவர் அதற்குப் பிறகு ஒன்றும் எழுத மாட்டார்.

ஒரு குடும்பத்துக்கு இரண்டு காரியம், அதற்கு மேல் வேண்டாம். ஒவ்வொன்றிலும் மூன்று விவரம் இருக்க வேண்டும்: என்ன நடந்தது, எப்போது நடந்தது, யார் மூலமாக உதவி வந்தது. மூன்றாவதைத்தான் எல்லோரும் விட்டுவிடுவார்கள். கர்த்தர் செய்தார் என்று சொல்லும்போது அவர் எந்தக் கைகளைக் கொண்டு செய்தார் என்பதையும் சொன்னால், அந்தக் கைக்காரர் பெரும்பாலும் அதே பாயில்தான் உட்கார்ந்திருப்பார்.

வித்தியாசத்தைப் பாருங்கள். "இந்த வருஷம் முழுவதும் எங்களைக் கண்மணிபோல் காத்தார்." இதைக் கேட்டு ஆமென் சொல்லலாம், ஆனால் நாளைக்கு ஒருவருக்கும் நினைவிருக்காது. "ஜூலை மாதம் அப்பாவுக்குச் சிறுநீரகக் கல் ஆபரேஷன். பதினோரு நாள் ஆஸ்பத்திரி. ராத்திரியெல்லாம் சின்ன மைனிதான் பக்கத்தில் இருந்தார்கள். அப்பா இன்று நம்மோடு உட்கார்ந்திருக்கிறார்." இது இருபது வினாடிதான். ஆனால் இதைக் கேட்கும் பிள்ளைகளுக்குத் தங்கள் வீட்டில் என்ன நடந்தது என்று தெரியும், சின்ன மைனிக்கும் யாரோ கவனித்தார்கள் என்று தெரியும்.

பட்டியலில் இருந்து மென்மையாக நீக்க வேண்டியவையும் வரும். "மற்ற பிள்ளைகளைப் போல இல்லாமல் என் பிள்ளையை நல்ல வழியில் நடத்தினார்" என்பது ஒன்று. லூக்கா 18இல் பரிசேயன் தேவாலயத்தில் செய்ததும் ஸ்தோத்திரம்தான். மற்ற மனுஷரைப்போல் இல்லை என்பதற்காக, தூரத்தில் நின்ற ஆயக்காரனையும் (வரி வசூலிப்பவனையும்) சுட்டிக்காட்டி ஸ்தோத்திரித்தான். அடுத்தவனை அளவுகோலாக வைத்துச் சொல்லும் நன்றியை இயேசு எங்கே வைத்தார் என்று அந்தப் பகுதியே சொல்லுகிறது. "மற்றவர்களைப் போல" என்ற சொற்களை எடுத்துவிட்டுப் பாருங்கள். காரியம் நின்றால் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, தொகையும் பதவியும். ஃபிளாட் எத்தனை லட்சம், மெடிக்கல் சீட் எந்தக் கல்லூரி, விசா எந்த நாடு என்ற விவரங்கள் இல்லாமலே அந்த ஸ்தோத்திரத்தைச் சொல்ல முடியும். சொல்ல முடியாவிட்டால் அது ஸ்தோத்திரமல்ல, அறிவிப்பு.

20ஆம் தேதிக்குள் நோட்டை முடித்துவிடுங்கள். அதற்குப் பிறகு முறுக்கு பிழியும் வேலை வந்துவிடும்.

4. இந்த வருஷம் அழுதவர்களிடம் தனியாகப் பேசுங்கள்

ஒவ்வொரு குடும்பத்திலும் ஒருவராவது இருப்பார். துணையை இழந்து முதல் கிறிஸ்துமஸ் பார்ப்பவர், குழந்தைக்காகக் காத்திருப்பவர், நிச்சயம் முறிந்தவர், நீட் எழுதி மறுபடியும் கிடைக்காத பிள்ளை. துக்கம் நடந்த வருஷம் புத்தாடை எடுக்காமல், ஸ்டார் போடாமல் இருக்கும் வழக்கம் நம்மிடம் இன்னும் இருக்கிறது. அந்த வீட்டாரை "ஸ்தோத்திரம் செய்யத்தான் வேண்டும், எல்லாவற்றிலேயும் செய்யச் சொல்லியிருக்கிறதே" என்று இழுத்து உட்காரவைப்பது கொடுமை. 1 தெசலோனிக்கேயர் 5:18 "எல்லாவற்றிலேயும்" என்றுதான் சொல்லுகிறது. நடந்த எல்லாமே நல்லது என்று வாயால் சொல்லச் சொல்லவில்லை.

கூட்டத்துக்கு ஒரு வாரம் முன்னால் அவர்களைப் போய்ப் பாருங்கள், முடியாவிட்டால் போன் செய்யுங்கள். மூன்றே வாக்கியம் போதும். "சித்தி, நீங்க வரணும்னு ஆசை. வந்தா ஒண்ணும் பேச வேண்டாம். சித்தப்பா பேரைச் சொல்லி ஜெபிக்கட்டுமா, வேண்டாமா?" கடைசிக் கேள்விக்கு வரும் பதிலை அப்படியே செய்யுங்கள். சிலர் பெயரைச் சொல்லாவிட்டால் மறந்துவிட்டார்கள் என்று நொந்துபோவார்கள். சிலருக்கு அந்தப் பெயரைப் பத்துப் பேர் முன்னால் கேட்கத் தாங்காது. கேட்காமல் இதைத் தீர்மானிக்க யாராலும் முடியாது.

கூட்டத்தில் அவர்களுக்கென்று ஓர் இடம் வையுங்கள். 13ஆம் சங்கீதம் ஆறே வசனம். "எதுவரைக்கும்" என்று திரும்பத் திரும்பக் கேட்டுத்தான் தொடங்குகிறது, கடைசி வசனத்தில்தான் பாட்டு வருகிறது. சந்தோஷக் காரியங்களை எல்லாம் சொல்லி முடித்தபின் இதை ஒருவர் மெதுவாக வாசிக்கட்டும். விளக்கம் வேண்டாம்.

முன்கூட்டியே எல்லோருக்கும் சொல்லிவைக்க வேண்டிய தடை ஒன்று உண்டு: "தேவ சித்தம்", "அடுத்த வருஷம் தொட்டில் கட்டிடலாம்", "ஒரு வாசல் மூடினா இன்னொண்ணு திறக்கும்" ஆகிய மூன்றும் அன்றைக்கு வாயில் வரக் கூடாது. நல்ல எண்ணத்தில்தான் சொல்லுவார்கள். கேட்கிறவர் எழுந்து பின்கட்டுக்குப் போய்விடுவார்.

5. வேறு சபையார், வேறு மதத்தார்

இப்போது ஒரே குடும்பத்துக்குள் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை), கத்தோலிக்கம், பெந்தெகொஸ்தே மூன்றும் இருப்பது சாதாரணம். இதில் முதலில் இடறுவது வேதப் புத்தகம். சி.எஸ்.ஐ. வீட்டார் கையில் பழைய திருப்புதல் (பழைய மொழிபெயர்ப்பு) இருக்கும், கத்தோலிக்க மாமா கையில் பொது மொழிபெயர்ப்பு இருக்கும். சேர்ந்து வாசிக்கச் சொன்னால் இரண்டாவது வார்த்தையிலேயே குரல்கள் பிரிந்துவிடும். வாசிக்க வேண்டிய பகுதியை ஒரே மொழிபெயர்ப்பில் பாட்டுத்தாளிலேயே அச்சடித்துவிடுங்கள்.

பெந்தெகொஸ்தே உறவினர்கள் எல்லோரும் சேர்ந்து சத்தமாக ஜெபித்துப் பழகியவர்கள். மற்றவர்கள் ஒருவர் ஜெபிக்க மற்றவர் கேட்டுப் பழகியவர்கள். எது சரி என்ற வழக்கை அன்றைக்குத் தீர்க்க வேண்டாம். ஒருவர் பின் ஒருவராக என்று தொடக்கத்திலேயே அறிவித்துவிட்டு, இறுதிப் பாட்டுக்கு முன் இரண்டு நிமிடம் எல்லோரும் சத்தமாக ஸ்தோத்திரம் சொல்ல விடுங்கள். இரு தரப்பாருக்கும் நிறைவாக இருக்கும்.

இந்து வீட்டிலிருந்து வந்த மருமகளோ மருமகனோ இருந்தால் கையில் ஜெபத்தைத் திணிக்காதீர்கள். நன்றி சொல்ல விருப்பமா என்று முந்தின நாள் கேட்டால், பெரும்பாலும் அன்போடு ஒரு வார்த்தை சொல்லுவார்கள். அவர்கள் மனந்திரும்ப வேண்டும் என்று அவர்களை உட்காரவைத்துக்கொண்டே ஜெபிப்பது விருந்தாளியைச் சபையில் நிறுத்திக் குற்றம் வாசிப்பதற்குச் சமம். இதை மூத்தவரிடம் முன்பே பேசிவிடுங்கள், அவரிடமிருந்துதான் பெரும்பாலும் வரும்.

6. 6:15க்கு அடுப்படிக் கதவைச் சாத்துங்கள்

வீட்டு ஸ்தோத்திரக் கூட்டங்களில் நடக்கும் பெரிய அநியாயம், ஆண்கள் முன்னறையில் ஸ்தோத்திரம் செய்ய, பெண்கள் பின்னால் வெங்காயம் உரித்துக்கொண்டிருப்பது. வருஷம் முழுக்கக் குடும்பத்தைத் தாங்கியவர்கள் யாரோ அவர்களே நன்றி சொல்லும் நேரத்தில் அங்கே இல்லை. அவர்கள் உட்கார முடியாத சமையல் திட்டம் தவறான திட்டம்.

30 பேருக்கு மட்டன் பிரியாணி என்றால் அரிசி மூன்றரை முதல் நான்கு கிலோ, கறி நான்கு கிலோ. கறியை மதியமே மசாலாவில் வேகவைத்து வையுங்கள். 5:30க்கு அரிசி போட்டு, 5:45க்குத் தம். இருபது, இருபத்தைந்து நிமிடத்தில் அடுப்பை அணைத்து, கனமான பாத்திரத்தைத் திறக்காமல் அப்படியே விட்டுவிட்டால் 7:45க்கும் சூடு இருக்கும். தயிர்ப் பச்சடிக்கு வெங்காயத்தை நறுக்கி வைத்துக்கொண்டு தயிரைப் பந்திக்கு முன் ஊற்றுங்கள். முன்பே கலந்தால் நீர்த்துவிடும்.

இது முடியாது என்றால் மெனுவைக் குறையுங்கள், இல்லையென்றால் ஆள் வைத்துச் சமைக்கச் சொல்லுங்கள். சமையலுக்கு வந்த அக்காவையும் உள்ளே அழைத்து உட்காரச் சொல்லுங்கள். அவர்கள் வருவதும் வராததும் அவர்கள் விருப்பம்.

சிறு பிள்ளைகளுக்கு 5:30க்கே சுண்டலோ இட்லியோ கொடுத்துவிடுங்கள். பசித்த பிள்ளைக்கு 136ஆம் சங்கீதம் மிக நீளம்.

7. இடமும் பாட்டுத்தாளும்

ஜமக்காளத்தை வட்டமாக விரியுங்கள், முழங்கால் வலிக்காரர்களுக்கு நாற்காலியும் அதே வட்டத்தில். வரிசையாகப் போட்டால் முன்னால் நிற்பவர் பிரசங்கியாராகிவிடுவார். டி.வி.யை நிறுத்துவதோடு பிளக்கையும் பிடுங்குங்கள், ஏதாவது ஒரு பிள்ளை ரிமோட்டைத் தேடிப்பிடிக்கும். கொசுவர்த்தியை 6 மணிக்கே வைத்து, கூட்டம் தொடங்கும்போது எடுத்துவிடுங்கள், ஆச்சிக்கு இருமல் வரும்.

பாட்டு மூன்று. ஒன்று எல்லோருக்கும் மனப்பாடமான பழைய கீர்த்தனை, ஒன்று பாமாலை என்ற சபைப் பாட்டுப் புத்தகத்திலிருந்து, ஒன்று இளவட்டங்கள் தேர்ந்தெடுக்கும் புதிய பாட்டு. ஒவ்வொன்றிலும் மூன்று சரணத்துக்கு மேல் வேண்டாம். சபைக் கொயருக்கு வைக்கும் சுருதி வீட்டில் எட்டாது. கீபோர்டு வாசிக்கிறவரிடம் இரண்டு படி இறக்கி வைக்கச் சொல்லுங்கள். வாத்தியம் இல்லாவிட்டால் தாழ்ந்த குரல்காரர் ஒருவர்தான் எடுத்துக்கொடுக்க வேண்டும். சின்னப் பெண் எடுத்தால் இரண்டாவது வரியில் மாமாக்கள் எல்லோரும் வாயை மட்டும் அசைப்பார்கள்.

எழுத்து 16 புள்ளிக்குக் குறையாமல் இருக்கட்டும். ஒரு தாளின் இரு பக்கத்துக்குள் எல்லாம் அடங்கினால் போதும். போனைப் பார்த்துப் பாடுங்கள் என்று விடாதீர்கள். போனை எடுத்தவர் பாட்டு முடிந்ததும் அதைக் கீழே வைப்பதில்லை.

வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு வீடியோ காலுக்கு ஒரே ஒரு போன், ஒரு ஸ்டூலின் மேல், சார்ஜரோடு. நமக்கு 6:30 என்றால் துபாயில் 5 மணி, கத்தாரிலும் குவைத்திலும் 4 மணி, லண்டனில் மதியம் 1 மணி, சிங்கப்பூரில் இரவு 9 மணி, நியூயார்க்கில் காலை 8 மணி. பாடும்போது அவர்களை மியூட்டில் போடச் சொல்லுங்கள். இணையத்தில் குரல் தாமதமாக வருவதால் அங்கிருந்து வரும் சத்தம் இங்கே தாளத்தைக் கெடுக்கும். அவர்கள் முறை வரும்போது முதலில் அவர்களைப் பேசவிடுங்கள், லைன் எப்போது போகும் என்று தெரியாது.

8. அந்த ஒரு மணி நேரம்

ஆரம்ப ஜெபம் இரண்டு நிமிடம், பழைய கீர்த்தனை ஐந்து நிமிடம். உடனே 136ஆம் சங்கீதம். இருபத்தாறு வசனம், ஒவ்வொன்றின் முடிவிலும் "அவர் கிருபை என்றுமுள்ளது". ஒருவர் முன்பாதியை வாசிக்க, எல்லோரும் பின்பாதியைச் சொல்ல வேண்டும். நடுவில் எகிப்தின் தலைச்சன்கள், சீகோன், ஓக் என்று ராஜாக்கள் சங்கரிக்கப்படும் பகுதி வருகிறது. சிறு பிள்ளைகள் இருந்தால் 1 முதல் 9, பிறகு 23 முதல் 26 என்று பதின்மூன்று வசனம் போதும். முடிவு நெருங்கும்போது "ஆகாரங்கொடுக்கிறவரை" என்று வருவது விருந்துக்கும் பொருந்தும்.

சங்கீதம் முடிந்தவுடன் நிறுத்தாமல், அதே முறையில் நோட்டைத் திறந்து குடும்பக் காரியங்களை வாசியுங்கள். நடத்துகிறவர் ஒரு காரியத்தை வாசிப்பார், எல்லோரும் "அவர் கிருபை என்றுமுள்ளது" என்பார்கள். "மார்ச்சில் பெரியவன் பைக்கிலிருந்து விழுந்தான், தோள் எலும்போடு போயிற்று." "அவர் கிருபை என்றுமுள்ளது." "கிணற்று மோட்டார் நின்ற வாரம் முழுக்கப் பக்கத்து வீட்டு அண்ணாச்சி தண்ணீர் கொடுத்தார்." "அவர் கிருபை என்றுமுள்ளது." சங்கீதக்காரன் செங்கடலையும் வனாந்தரத்தையும் இப்படித்தான் அடுக்கினான். அதே அடுக்கில் நம் வீட்டுக் காரியங்களும் சேருகின்றன. இந்த முறையில் யாரும் எழுந்து நின்று பேச வேண்டியதில்லை. கூச்சக்காரர்களும் கலந்துகொள்வார்கள், நீட்டுகிறவர்களுக்கும் இடமில்லை. பத்துக் குடும்பம், இருபது காரியம், பன்னிரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும்.

அதற்குப் பிறகுதான் வாய்ச் சாட்சி. மூன்று பேர் மட்டும், ஆளுக்கு மூன்று நிமிடம், முன்பே சொல்லிவைத்தவர்கள். ஒரு பெரியவர், ஒரு நடுவயதுக்காரர், ஒரு மாணவர். "யாராவது சாட்சி சொல்ல விரும்பினால்" என்று பொதுவாகக் கேட்காதீர்கள். கேட்டால் ஒன்று கூட்டமே மௌனமாகிவிடும், இல்லையென்றால் போன வருஷம் சொன்னவரே மறுபடியும் எழுவார்.

பிள்ளைகளுக்கு ஐந்து நிமிடம். மனப்பாட வசனம் சொல்லவைத்துக் கைதட்டுவது எளிது. அதைவிட அவர்கள் பெரியவர்களிடம் ஒரு கேள்வி கேட்கட்டும். "தாத்தா, இந்த வீடு கட்டும்போது என்ன கஷ்டப்பட்டீங்க?" யோசுவா 4இல் யோர்தானிலிருந்து எடுத்த பன்னிரண்டு கல்லும் நாட்டப்பட்டது பிள்ளைகள் "இது என்ன" என்று கேட்பதற்காகத்தான். தாத்தாவிடம் கேள்வியை முதல் நாளே சொல்லிவிடுங்கள், இரண்டு நிமிடத்தில் சொல்லும்படி அவர் யோசித்து வைத்திருப்பார்.

இதன்பின் மறைந்தவர்களின் பெயர்கள், சம்மதம் பெற்றவை மட்டும். 13ஆம் சங்கீதம். ஒரு நிமிடம் மௌனம். நடத்துகிறவர்கள் இங்கேதான் பதறி இருபது வினாடியில் அடுத்த பாட்டை எடுத்துவிடுவார்கள். கடிகாரத்தைப் பார்த்து முழு நிமிடம் விடுங்கள்.

பிறகு குடும்ப ஜெபம். விண்ணப்பங்களை இங்கே கொண்டுவரலாம். ஆனால் ஜெபத்தைத் தபாலாக்க விடாதீர்கள். "ஆண்டவரே, போன் கூடப் பண்ணாத பிள்ளைகளின் மனதைத் தொடும்" என்று தொடங்கினால் அது ஆண்டவருக்குப் போவதல்ல, எதிரே உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்குப் போவது. பாகப்பிரிவினை நடந்துகொண்டிருக்கும் வீட்டில் "சமாதானம் தாரும்" என்ற ஜெபமே கத்தியாகும். அப்படிப்பட்ட வருஷம் ஜெபங்களை எழுதிக்கொண்டு வந்து வாசிக்கச் சொல்லுங்கள்.

காணிக்கை, பாமாலைப் பாட்டு, இரண்டு நிமிடம் எல்லோருமாக ஸ்தோத்திரம், இளையோரின் புதுப் பாட்டு. கடைசியில் மூத்தவர் எழுந்து எண்ணாகமம் 6:24–26ஐச் சொல்லி ஆசீர்வதிக்கட்டும். மூன்று வசனம்தான், ஆச்சிக்கும் மனப்பாடமாக இருக்கும்.

9. காணிக்கையும் பொருத்தனையும்

எங்கே போகிறது என்பதை முன்பே முடிவு செய்யுங்கள்: சபைக்கா, ஊரில் ஒரு பிள்ளையின் பள்ளிக் கட்டணத்துக்கா, ஆஸ்பத்திரியில் இருக்கும் ஒருவருக்கா. கூட்டம் முடிந்தபின் முடிவு செய்யப் போனால் அது வாக்குவாதமாகும். கவரில் பெயர் எழுத வேண்டாம், மொத்தத் தொகையை அறிவிக்கவும் வேண்டாம். வெளிநாட்டு அத்தான் போட்டது எவ்வளவு, கூலிவேலைக்குப் போகும் தம்பி போட்டது எவ்வளவு என்று தெரிந்துவிட்டால் அடுத்த வருஷம் தம்பி வரத் தயங்குவான். பெறுகிறவரின் பெயரையும் வாசிக்காதீர்கள். சிறிய ஊரில் அந்தப் பிள்ளைக்கு அது சுமை.

பொருத்தனை (நேர்த்திக்கடன்) பண்ணிச் செலுத்தாமல் விட்டவர்கள் இதை நல்ல தருணமாக எடுத்துக்கொள்ளலாம். தாமதியாதே என்று பிரசங்கி 5:4 நேராகச் சொல்லுகிறது. ஆனால் புதுப் பொருத்தனை எதையும் கூட்டத்தின் சூட்டில் பகிரங்கமாகச் செய்ய வேண்டாம். அதே அதிகாரம் அடுத்த வசனத்திலேயே, செலுத்தாமற்போவதைவிடப் பண்ணாமலிருப்பது நலம் என்கிறது.

10. முதல் பங்கு வெளியே போகட்டும்

நெகேமியா 8:10இல் கொழுமையானதைப் புசியுங்கள் என்று சொன்ன வாயாலேயே ஒன்றுமில்லாதவர்களுக்குப் பங்குகளை அனுப்புங்கள் என்றும் சொல்லியிருக்கிறது. அதை நம் வசதிக்கு மாற்றிக்கொண்டோம். மிஞ்சினதைத்தான் அனுப்புகிறோம்.

தம் திறந்தவுடன் முதலில் பார்சலைக் கட்டுங்கள். எத்தனை பார்சல் என்று அரிசி அளக்கும்போதே கணக்கில் சேர்த்திருக்க வேண்டும். வீட்டு வேலைக்கு வரும் அக்கா, தெரு துப்புரவுப் பணியாளர், தனியாக இருக்கும் முதியவர், மோட்டார் நின்றபோது தண்ணீர் தந்த அண்ணாச்சி. கறி சாப்பிடாத வீடு எது என்று தெரிந்துவைத்து அங்கே முந்திரிக்கொத்தும் அச்சுமுறுக்கும் அனுப்புங்கள். கொண்டுபோய்க் கொடுப்பது பிள்ளைகள், இருவர் இருவராக. கதவைத் தட்டி, பெயர் சொல்லிக் கூப்பிட்டு, நன்றி என்று வாய்திறந்து சொல்லிவிட்டு வரவேண்டும் என்று பழக்கியனுப்புங்கள். கேட்டில் தொங்கவிட்டு ஓடிவரக் கூடாது.

முதல் பந்தியில் உட்கார வேண்டியவர்கள் வழக்கமாகக் கடைசியில் சாப்பிடும் பெண்கள். பரிமாறுவது மருமகன்களும் பையன்களும். உப்பு எங்கே, கரண்டி எங்கே என்று அடுப்படியில் இரண்டு தடவை கத்துவார்கள். பரவாயில்லை, யாரும் எழுந்து போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

நோட்டில் பெயர் வந்தவர்களுக்கு நேரில் நன்றி சொல்வதும் இந்த நேரத்தில்தான். பாயில் எல்லோர் முன்னாலும் நன்றி சொன்னது போதாது. சின்ன மைனியின் இலைக்குப் பக்கத்தில் குனிந்து, "பதினோரு ராத்திரி நீங்க தூங்கல, எங்களுக்குத் தெரியும்" என்று அப்பாவின் மகன் சொல்ல வேண்டும். அவர் "அட, இதுக்கென்ன" என்று தட்டிவிடுவார். அதற்காகச் சொல்லாமல் விடக் கூடாது.

11. ஊருக்குத் திரும்பும் முன்

மறுநாள் காலைக் காப்பிக்கு மூன்று பேர் உட்கார்ந்து நோட்டில் மூன்று காரியம் எழுதுங்கள்: ஜெபத்தில் வந்த விண்ணப்பங்கள், ஒவ்வொன்றுக்கும் யார் போன் செய்து விசாரிப்பது, எந்த மாதம். "ஜெபிச்சுக்கிறோம்" என்று சொல்லிவிட்டு மறந்துபோவதைத் தடுக்க வேறு வழியில்லை. ஜெபம் கேட்டபடி நடந்த காரியம் அடுத்த டிசம்பரில் நோட்டின் முதல் வரியாகும். நடக்காத காரியத்தையும் அடித்துவிடாமல் அப்படியே அடுத்த பக்கத்துக்கு எடுத்து எழுதுங்கள்.

அடுத்த வருஷம் யார் நடத்துவது, நோட்டு யார் வீட்டுக்குப் போவது என்பதை முதல் ஆள் ரயிலுக்குக் கிளம்புவதற்குள் முடிவு செய்துவிடுங்கள். ஜனவரியில் போன் செய்து கேட்டால் எல்லோரும் மற்றவரைக் கை காட்டுவார்கள்.